மனு பார்க்க ஆள் வராதவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, போனைக் கையில் எடுக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பத்திரிகைத் துணுக்கைப் போட்டிருந்தார். சிறையில் விசாரணைக் கைதி ஒருவர் தற்கொலை. நான்கே வரிச் செய்தி. அதன் கீழே வந்த பதில்களைப் படித்தேன்.

"ஒரு கேஸ் முடிஞ்சது" என்று ஒருவர். "தப்பு பண்ணவனுக்கு மனசாட்சி குத்தியிருக்கும்" என்று இன்னொருவர். "கோழைப் பய" என்று மூன்றாமவர். "நம்ம வரிப்பணம் மிச்சம்" என்று நான்காமவர். அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வேறு. "ஐயோ பாவம்" என்று ஒரு சொல் இல்லை.

நால்வரும் என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருவருக்குக் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்ததே நான்தான். பெயர் சொல்ல மாட்டேன். குழுவிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கோபத்தில் திருத்துகிற விடைத்தாளில் மார்க் சரியாக விழாது என்பது என் அனுபவம். அதனால் நான்கு நாள் பொறுத்து இங்கே எழுதுகிறேன். அந்த நான்கு வரிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். கடைசியில் என் மீதே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1. "தப்பு பண்ணவன்"

யார் சொன்னது தப்பு பண்ணினான் என்று? செய்தியில் 'விசாரணைக் கைதி' என்று போட்டிருக்கிறது. விசாரணை முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? பென்சில் காணாமல் போனால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் எடுத்தான் என்று சொல்லக்கூடாது, பார்த்தாயா என்று கேட்பேன். அதே கேள்வியைத்தான் இப்போதும் கேட்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு 75.8. நம் வகுப்புக் கணக்கில் சொன்னால், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் முப்பது பேர் இன்னும் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள்.

இன்னொரு கணக்கு என்னைப் போன்றவர்களுக்கு வலிக்கிற கணக்கு. சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளிக்கூடமே போகாதவர்கள், அல்லது பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். அதாவது வருகைப் பதிவேட்டில் நாங்கள் சிவப்பு மையால் கோடு போட்டு 'நின்றுவிட்டான்' என்று எழுதிய பிள்ளைகள். நின்றுவிட்டு எங்கே போனான் என்று நாங்கள் கேட்டதில்லை.

2. "மனசாட்சி குத்தியிருக்கும்"

அதே 2022ஆம் ஆண்டில் சிறைகளில் இயற்கைக்கு மாறான முறையில் இறந்தவர்கள் 159 பேர். அவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 119 பேர். நான்கில் மூன்று பங்கு. சினிமாவில் காட்டுகிற மாதிரி கைதிகள் ஒருவரையொருவர் கொன்று சாவது இதற்கு முன்னால் மிகச் சிறிய எண்ணிக்கை. 119 பேரை 5,73,220க்கு வகுத்துப் பாருங்கள், ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 21 வரும். அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான விகிதம் ஒரு லட்சத்துக்கு 12.4. சிறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஆண்களிடையே வெளியிலும் தற்கொலை அதிகம்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் காவலில், கதவைப் பூட்டிச் சாவியை அரசாங்கம் இடுப்பில் வைத்திருக்கும் இடத்தில், வெளியில் இருப்பதைவிடக் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்?

இத்தனை பேருக்கும் மனசாட்சிதான் குத்தியதா? அப்படியானால் குற்றம் உறுதியாகி, செய்ததை நினைத்துப் பார்க்க வருடக்கணக்கில் நேரம் கிடைத்தவனுக்குத்தான் அதிகமாகக் குத்த வேண்டும். ஆனால் இதை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சிறைத் தற்கொலைத் தடுப்பு பற்றி ஒரு கையேடே வெளியிட்டது. ஆபத்து அதிகம் இருப்பது சிறைக்குள் வந்த முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும் என்று அதில் இருக்கிறது. 2021இல் 27 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மருத்துவ ஆய்வும் விசாரணைக் காவலில் இருப்பதை ஆபத்துக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. முன்பே தற்கொலைக்கு முயன்றவர்கள், மனநோய் உள்ளவர்கள், தனி அறையில் அடைக்கப்பட்டவர்கள், பார்க்க யாரும் வராதவர்கள் ஆகியோரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. கடைசியாகச் சொன்னதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

முதல் நாட்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நேற்று வரை பெயர் இருந்தது, இன்று எண். போன் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அம்மா சாப்பிட்டாளா, வேலை போய்விட்டதா, பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளா, ஒன்றும் தெரியாது. முன்பின் அறியாத கூட்டத்துக்கு நடுவில் படுக்கை. 2022இல் நம் நாட்டுச் சிறைகளில் நூறு பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர் இருந்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும் ஒருவன் தனியாக இருக்க முடியும் என்பதுதான் கொடுமை.

தினமும் குடித்துக்கொண்டிருந்தவன் உள்ளே போனதும் குடி சட்டென்று நிற்கிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருவது போன்ற பயம் எல்லாம் அதனால் வரும். இது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். "நடிக்கிறான்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டால் உயிர் போகும்.

அப்புறம் நிச்சயமின்மை. தண்டனைக் கைதிக்கு ஒரு தேதி இருக்கிறது, சுவரில் கோடு போட்டு எண்ணலாம். விசாரணைக் கைதிக்குத் தேதி கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரிமாண்ட் நீட்டிப்பு, அதுவும் இப்போது பெரும்பாலும் வீடியோவில். முன்பு கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது வாசலில் நிற்கிற அம்மாவின் முகத்தையாவது பார்க்க முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மானம். குற்ற உணர்ச்சி வேறு, அவமானம் வேறு. தப்பே செய்யாதவனையும் அவமானம் கொல்லும். கையில் விலங்கு போட்டுத் தெரு வழியாகக் கூட்டிப் போனதைத் தங்கச்சியின் மாமியார் வீட்டார் பார்த்திருப்பார்களே என்று நினைக்கிறவனுக்கு, குற்றம் செய்தானா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். மானம் போனபின் உயிர் வாழக்கூடாது என்பதை நானே எத்தனை வருடம் வகுப்பில் பெருமையாக நடத்தியிருக்கிறேன்! போன மானம் திரும்பி வரும், கொஞ்சம் பொறுத்திரு என்று ஒரு நாளும் நடத்தியதில்லை. அது என் பாடத்திட்டத்தில் இல்லை.

3. "கோழை"

இந்த வார்த்தைக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவர் மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு போய்விட்டது. நம் குழுவில் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

நெஞ்சு வலி வந்தவனைக் கோழை என்பீர்களா? வீட்டில் நமக்கு மனசு சரியில்லை என்றால் வாசலில் வந்து உட்காரலாம், மழை பார்க்கலாம், சிநேகிதனுக்குப் போன் போடலாம், டாக்டரிடம் போகலாம். அவனால் கதவைத் திறக்க முடியாது. டாக்டர்தான் அவனிடம் வர வேண்டும். வருகிறாரா? அடுத்த பதிலைப் படியுங்கள்.

4. "வரிப்பணம் மிச்சம்"

2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஒரு மனநல வல்லுநர் இருக்க வேண்டும் என்கிறது. 2025இல் வெளியான இந்திய நீதி அறிக்கை, நாட்டின் அத்தனை சிறைகளுக்கும் சேர்த்துப் பணியில் இருந்தவர்கள் 25 பேர் என்கிறது. ஏறத்தாழ 23,000 பேருக்கு ஒருவர். நம் ஒன்றியத்தில் உள்ள எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டீச்சர் என்றால் எப்படி இருக்கும்? வரிப்பணம் ஏற்கெனவே மிச்சம்தான், தம்பி. அந்த மிச்சத்தில்தான் இவர்கள் சாகிறார்கள்.

முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி சிறைகளின் நிலை பற்றி எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் 2013இல் வழக்காக எடுத்துக்கொண்டது. 1382 சிறைகள் பற்றிய வழக்கு என்று அதற்குப் பெயர். 2017 செப்டம்பரில் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு அதில் ஒரு தீர்ப்பு தந்தது. 2012 முதல் 2015 வரை சிறையில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க, உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்குப் பதிவு செய்து பார்க்க வேண்டும் என்றது. கைதிகளுக்கு, முக்கியமாக முதல்முறை உள்ளே வருகிறவர்களுக்கு, ஆலோசகர்களை நியமிக்கச் சொன்னது. குடும்பத்தார் வந்து பார்க்கும் நேரத்தைக் கூட்டுவது, போன், வீடியோ வசதி தருவது பற்றியும் யோசிக்கச் சொன்னது. இழப்பீடு என்றால் என்ன பொருள்? இந்தச் சாவுக்கு அரசு பொறுப்பு என்று பொருள். அரசு என்றால் நாம்தான். பூட்டியவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சாவு நடந்ததும் இன்னொரு கேமரா மாட்டுவதும், அறையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துவிடுவதும்தான் வழக்கமாக நடக்கிறது. காவல் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சாக நினைக்கிறவனைத் தனியாக அடைத்துவிட்டுக் கேமராவை மட்டும் துணைக்கு வைத்தால் அவன் இன்னும் தனியாகிறான். 2023இல் தேசிய மனித உரிமை ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், உள்ளே வரும்போதே மனநிலையையும் பரிசோதிக்க வேண்டும், சக கைதிகளில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து ஆபத்தில் இருப்பவருக்குத் தோழராக வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பயிற்சி பெற்ற கைதி இன்னொரு கைதியைக் காப்பாற்ற முடியும் என்று ஆணையம் நம்புகிறது. ஊரில் இருக்கிற நாம் என்ன செய்கிறோம்?

இனி என் கதை

2016இல் நடந்தது. நான் அப்போது பணியில் இருந்தேன். என்னிடம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த பையன் ஒருவன். எட்டாவதோடு நின்று லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். வயது 23. கோயில் கொடையில் இரண்டு தெருக்காரர்களுக்குள் அடிதடி. ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். ஐந்து பேர் மீது வழக்கு, அதில் இவன் பெயரும் ஒன்று. ரிமாண்ட் ஆகி, எழுபது கிலோமீட்டர் தள்ளி உள்ள சிறைக்குப் போனான்.

அப்பா இல்லை. அம்மா கட்டட வேலைக்குப் போகிறவள். ஒரு தடவை மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வர, ஒரு நாள் கூலியும் போகும், பஸ் செலவும் ஆகும். இரண்டு தடவை போனாள். நாற்பது நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் உள்ளூர் ஆட்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அவள் வீடு வீடாகப் போனாள். சொந்தத் தாய்மாமனே கதவைத் திறக்கவில்லை. யார் யார் வீட்டுக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற சிலருக்கும் தெரியும்.

பிறகு என் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே சொன்னாள். "டீச்சர், ஒங்ககிட்ட படிச்ச பிள்ளைதான. வீட்டு வரி ரசீத வச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க. எம்பிள்ள எங்கயும் ஓடமாட்டான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். வீடு என் கணவர் பெயரில் இருந்தது. அவர், "நம்ம வீட்டு ரசீதைக் கொண்டு போய் அடிதடிக் கேஸில் வைக்கிறதா? நீ அரசாங்க வேலையில் இருக்கிறவள். நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவான்?" என்றார். என் நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் மறுத்தது எனக்கு வசதியாக இருந்தது. மறுநாள் வந்தவளிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஜாமீன் உத்தரவு வந்த பத்தொன்பதாம் நாள் அவன் சிறையில் தற்கொலை செய்துகொண்டான். உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர ஆள் இல்லாமல் பத்தொன்பது நாள்.

கொஞ்ச நாள் கழித்து, அதே பிளாக்கில் இருந்து விடுதலையான ஒருவர் அவன் அம்மாவைத் தேடி வந்து சொன்னாராம். மனு வந்தவர்களின் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் தினமும் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பானாம். கடைசி நாலைந்து நாளாகப் போகவில்லையாம். சாப்பாட்டையும் குறைத்துவிட்டானாம்.

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. என் வீட்டு வரி ரசீது அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் கேட்காத கேள்விக்கு ஊரே ஒரே பதிலைச் சொன்னது: "நீ எங்களுக்கு வேண்டாம்." அந்தப் பதிலில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஜாமீன் பத்திரத்தில் போட வேண்டிய கையெழுத்தை நான் அங்கே போட்டேன்.

அந்த வழக்கில் மற்ற நான்கு பேரும் பின்னால் விடுதலையானார்கள். அவன் மீதான வழக்கு அவன் சாவோடு முடிந்துபோனது. அவன் குற்றவாளியா நிரபராதியா என்று எந்த நீதிபதியும் இனி சொல்லப்போவதில்லை. "ஒரு கேஸ் முடிஞ்சது" என்று எழுதினாயே தம்பி, இப்படித்தான் முடியும்.

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு நடந்திருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். என் வீட்டுப் பெண்ணுக்கு ஒருவன் கொடுமை செய்திருந்தால், அவன் கூண்டில் நிற்பதை நான் பார்க்க வேண்டும். சாட்சி சொல்வதைக் கேட்க வேண்டும். நீதிபதி "குற்றவாளி" என்று சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் பாதியில் செத்துப்போனால் வழக்கும் அற்றுப்போகிறது. பாதிக்கப்பட்டவளுக்குத் தீர்ப்பு கிடைப்பதில்லை. ஆக, அவன் உயிரோடு இருப்பது அவளுக்காகவும்தான். நம் சட்டப்படி கொலைக்குற்றத்துக்குக்கூட நீதிமன்றம் தீர்ப்பு எழுதித்தான் தண்டனை. சாவு என்ற தண்டனையைத் தனிமையும் அவமானமும் சேர்ந்து, தீர்ப்புக்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

என்ன செய்யலாம்?

புலம்பிவிட்டுப் போவதற்கு நான் எழுதவில்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், நேரிலும் போகலாம். காவலில் இருக்கிற யாரும், வருமானம் எவ்வளவு என்றாலும், இதைக் கேட்கலாம்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஜாமீன் உத்தரவு வந்து ஒரு வாரத்தில் கைதி வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் சொன்னது. ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில், ஜாமீனுக்குப் பண உதவி உண்டு. 2016இல் அந்தத் தாய்க்கு இதெல்லாம் இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அவளைப் போன்றவர்களுக்குத் தெரியாது. படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். பணத்தை அரசு கட்டிவிடும். ஆளாக வந்து நிற்பதை அரசு செய்ய முடியாது.

ஜாமீன் கையெழுத்து என்றால் பயப்படாதீர்கள். பயமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால், பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்டும் பொறுப்பு உங்களுக்கு வரலாம். அதனால் தெரிந்த பிள்ளைக்குப் போடுங்கள். தெரிந்த பிள்ளைக்குக்கூடப் போடாமல் இருக்காதீர்கள்.

மனு பார்க்கப் போங்கள். அம்மாவுக்குக் கூலி போகிறதென்றால் சித்தப்பா போகட்டும், அண்ணன் போகட்டும், கூடப் படித்தவன் போகட்டும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஊர்க் கதை பேசுங்கள். "வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம், உனக்காகத்தான் அலைகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதல் வாரத்திலும், ஜாமீன் மனு தள்ளுபடியான மறுநாளும், வீட்டில் ஒரு சாவோ பிரிவோ நடந்த பிறகும் கட்டாயம் போங்கள். அந்த நாட்கள்தான் கண்டம். அவன் சாவைப் பற்றிப் பேசினாலோ, எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரிப் பேசினாலோ, முன்பு அப்படி ஒரு முயற்சி நடந்திருந்தாலோ, வெட்கப்படாமல் அங்கேயே சிறை நல அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ எழுதிக் கொடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை இருந்தால் சீட்டோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

வெளியே வந்தவனிடம் "உள்ளே எப்படி இருந்துச்சு?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்காதீர்கள். வேலை இருந்தால் வேலை கொடுங்கள். அவன் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு விளையாட விடுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று: அப்பா சிறையில் இருக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அதை வகுப்பில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

2022 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நாட்டின் பெரிய நீதிபதிகள் முன்னிலையில் இதைத்தான் பேசினார். சின்னச் சின்ன வழக்குகளில் ஏழைகள் வருடக்கணக்கில் சிறையில் கிடக்கிறார்களே, இன்னும் சிறைகள் கட்டுவதா வளர்ச்சி என்று கேட்டார். அவரும் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவர்தான். அவர் அங்கே கேட்டதை நான் இங்கே உங்களிடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக

அந்த நான்கு வரிகளை எழுதிய நான்கு பிள்ளைகளே, உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் தட்டச்சு செய்ததை நான் 2016இல் செய்துகாட்டினேன். உங்கள் டீச்சரிடமிருந்துதான் கற்றிருப்பீர்கள். அந்த வரிகளை அழித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செத்துப்போனவருக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவள் கையிலும் யாராவது ஒருவருடைய போன் கிடைக்கும்.

என் கணவர் 2021இல் தவறிவிட்டார். வீட்டு வரி ரசீது இப்போது என் பெயரில் இருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளை யாராவது அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால், அவன் அம்மாவை என்னிடம் அனுப்புங்கள். இந்தத் தடவை யாரிடமும் கேட்டுச் சொல்ல மாட்டேன். திண்ணையில் உட்கார வைத்து, ரசீதை எடுத்துக்கொண்டு அவளோடு கோர்ட்டுக்குப் போவேன். மூட்டு வலி இருக்கிறது, ஆட்டோ வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும்போது உங்களில் யாருக்காவது மனம் கனத்துப்போய், வாழ வேண்டாம் என்று தோன்றினால், 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. எனக்கும் போன் செய்யலாம். எனக்குத் தூக்கம் குறைவு, எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்